சிப்ஸ் எண்ணத் தெரியாத அறிவுரைகள்

1982. லாஸ் வேகாஸில் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதி. உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டி நடந்துகொண்டிருக்கிறது. ஆறரை அடி உயரமுள்ள ஜாக் ஸ்ட்ராஸ் தன்னிடமிருந்த சிப்ஸை எல்லாம் நடுவில் தள்ளி, தோற்று, எழுந்துவிட்டார். மேசை விளிம்பில் கிடந்த காகித நாப்கினை நகர்த்தினால், அடியில் ஒரே ஒரு 500 சிப். ‘ஆல்-இன்’ என்று அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. அதனால் அந்த ஒற்றைச் சிப் அவருடையதுதான், ஆட்டத்தில் தொடரலாம் என்று முடிவானது. மறுபடி உட்கார்ந்தார். 104 பேர் ஆடிய அந்தப் போட்டியை வென்று 5,20,000 டாலரோடு வீட்டுக்குப் போனார்.

கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி அதிலிருந்து ஒரு வாசகமும் திரண்டுவிட்டது: ‘ஒரு சிப்பும் ஒரு நாற்காலியும் இருந்தால் போதும்.’ வாசகம் வளர்ந்து வேதமாகி, இன்று போக்கர் போட்டியில் உட்காரும் எவருக்கும் முதல் நாளே ஓதப்படுகிறது. சிப்ஸ் குறைந்தவன் நல்ல சீட்டு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும். குவித்து வைத்திருப்பவன் மேசையையே மிரட்டி ஆட வேண்டும். நடுவில் இருப்பவனுக்குக் கவலை இல்லை, அவன் பத்திரமாக இருக்கிறான்.

மூன்றுமே தவறு. அதிலும் மூன்றாவதை நம்பி விட்ட காசுதான் அதிகம்.

முதலில் ஸ்ட்ராஸையே எடுத்துக்கொள்வோம். 104 பேர், தலைக்கு 10,000 சிப்ஸ் என்றால் மொத்தம் 10,40,000. 500 என்பதை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் பதினோராவது இரட்டிப்பில் 10,24,000 வருகிறது. அதாவது அந்த நாப்கின் சிப் கோப்பை வரை போக, ஏறக்குறைய பதினொரு முறை முழுசாகப் பணயம் வைக்கப்பட்டு முழுசாக வென்றிருக்க வேண்டும். பெரிய குவியல் சேர்ந்த பிறகு சின்னச் சின்ன வெற்றிகளும் கலந்திருக்கும், அது வேறு. ஆனால் அந்த ஒற்றைச் சிப்பைக் கையில் பொத்தி வைத்துக்கொண்டு ஏஸ் ஜோடிக்காகத் தவம் கிடந்ததால் யாரும் உலகச் சாம்பியன் ஆகவில்லை. பொறுமைக்கு உதாரணமாகச் சொல்லப்படும் கதை, உண்மையில் அடுத்தடுத்துத் துணிந்த கதை. கடைசிச் சிப்போடு உட்கார்ந்து அடுத்த கையிலேயே வெளியேறிய ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றிக் கதை கிடையாது என்பதையும் ஒரு ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம்.

பொறுத்திருப்பதற்கு என்ன விலை என்று பார்ப்போம். இலவசமாக உட்கார்ந்திருக்க முடிந்தால் பொறுமை நல்ல உபாயம்தான். போக்கர் போட்டியில் நாற்காலிக்கு வாடகை உண்டு. ஒவ்வொரு கையிலும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே பணம் வைத்தாக வேண்டும்: ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட். இப்போதெல்லாம் பெரும்பாலான போட்டிகளில் பிக் பிளைண்டில் இருப்பவரே, எல்லோரும் வைக்க வேண்டிய கட்டாயத் தொகையான ஆன்ட்டியையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை இந்தத் தொகைகள் ஏறும். ரொக்க ஆட்டத்தில் பிடிக்காவிட்டால் சிப்ஸைக் காசாக்கிக்கொண்டு எழுந்து போகலாம். போட்டியில் அது நடக்காது. தீரும்வரை உட்கார வேண்டும், இல்லாவிட்டால் எல்லாருடையதையும் வாரிக்கொள்ள வேண்டும்.

ஒரு மேசையில் ஒன்பது பேர். பிளைண்ட் 500, 1,000. ஆன்ட்டி 1,000. ஒரு சுற்று சும்மா உட்கார்ந்திருந்தால் 2,500 போய்விடும். ஒருவரிடம் 10,000 இருக்கிறது. அவர் அறிவுரைப்படி ‘நல்ல சீட்டு’க்குக் காத்திருக்கிறார். பத்து ஜோடி முதல் ஏஸ் ஜோடி வரை, கூடவே ஏஸ்-ராஜா. இவ்வளவும் சேர்ந்தாலே, கைக்கு வரும் இரண்டு சீட்டின் 1,326 சேர்க்கைகளில் 46தான். ஒரு சுற்றின் ஒன்பது கைகளில் அவற்றில் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 27 சதவீதம். ஆக, கையிருப்பில் கால் பங்கைக் கொடுத்து, நாலில் ஒரு வாய்ப்பை வாங்குகிறார். அப்படியே வந்தாலும் 10,000 இருபதாயிரம் ஆக வேண்டிய இடத்தில் 7,500 பதினைந்தாயிரம் ஆகும். மூன்று சுற்று காத்திருந்து ஏஸ் ஜோடி வந்து ஜெயித்துவிட்டால்? எங்கே ஆரம்பித்தாரோ அதற்கும் கீழேதான் நிற்பார்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. 10,000 சிப்ஸோடு ஒருவர் ஆல்-இன் போனால், பிக் பிளைண்டில் இருப்பவர் இன்னும் 9,000 போட்டால்தான் சீட்டைப் பார்க்க முடியும். அந்தக் கணக்கில் அவருக்கு 42 சதவீத வெற்றி வாய்ப்பாவது தேவை. சுமாரான சீட்டு என்றால் அதைப் போட்டுவிட்டு விலகிவிடுவார், அதாவது ஃபோல்ட் செய்துவிடுவார். நடுவில் கிடந்த 2,500 சண்டை இல்லாமல் வந்து சேரும். அதே ஆள் காத்திருந்து காத்திருந்து 3,000-க்கு வந்த பிறகு ஆல்-இன் போனால், எதிராளி 2,000 போட்டு 7,500-க்கு ஆடுகிறார். 27 சதவீதம் போதும். எந்தக் குப்பைச் சீட்டுக்கும் அவ்வளவு வாய்ப்பு கிட்டத்தட்ட எப்போதும் உண்டு, கண்ணை மூடிக்கொண்டு ‘கால்’ சொல்வார். மிரட்டல் செத்துவிட்டது. அதற்குப் பிறகு சீட்டு மட்டும்தான் காப்பாற்ற வேண்டும்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1995-இல் உலகச் சாம்பியனான டான் ஹாரிங்டன், பில் ராபர்டியுடன் சேர்ந்து எழுதிய போட்டி ஆட்டப் புத்தகத்தின் இரண்டாம் பாகம் 2005-இல் வந்தது. கையிருப்பை ஒரு சுற்றின் செலவால் வகுத்து வரும் எண்ணை அவர் ‘எம்’ என்றார். பேக்கம்மன் மேதையும் கணிதப் பேராசிரியருமாக இருந்த பால் மக்ரியலின் பெயரின் முதலெழுத்து அது. எம் 20-க்கு மேல் பச்சை மண்டலம், 10-க்கு மேல் மஞ்சள், 6-க்கு மேல் ஆரஞ்சு, அதற்குக் கீழே சிவப்பு, ஒன்றுக்கும் கீழே போனால் செத்த மண்டலம். மேலே சொன்ன ஆளின் எம் 4, அப்பட்டமான சிவப்பு. உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் 2003-இல் 839 பேரிலும் 2004-இல் 2,576 பேரிலும் கடைசி மேசை வரை அடுத்தடுத்து வந்தவர் சொன்னது இது. ஆடுபவர்களில் பாதிப்பேர் மண்டலங்களின் நிறத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, சிவப்பில் என்ன செய்யச் சொன்னார் என்பதை மறந்துவிட்டார்கள். பதுங்கச் சொல்லவில்லை. முதலில் பாயச் சொன்னார்.

அந்த இரண்டாம் பாகம் வந்த அடுத்த ஆண்டே பில் சென், ஜெராட் ஆங்கன்மன் இருவரும் போக்கரின் கணிதம் பற்றிய தங்கள் நூலில் ‘ஆல்-இன் அல்லது ஃபோல்ட்’ ஆட்டத்துக்கான சமநிலைக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். இருவர் மட்டும் மிஞ்சியிருக்கும்போது, பத்து பிக் பிளைண்ட் கையிருப்போடு ஸ்மால் பிளைண்டில் உட்கார்ந்திருப்பவர் பாதிக்கும் மேற்பட்ட கைகளை ஆல்-இன் தள்ள வேண்டும் என்கிறது அப்படிப்பட்ட அட்டவணை. ராஜாவும் இரண்டும், வேறு வேறு ஜாதியாக இருந்தாலும் சரி, உள்ளே போகிறது. ‘நல்ல சீட்டு’க்குக் காத்திருப்பவர் இதைப் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

போக்கர் பழக்கமில்லாத தமிழ் வாசகருக்கு இந்த நெருக்கடி முற்றிலும் புதிதாக இருக்காது. 101 பூல் ரம்மியில் முதல் ட்ராப்புக்கு 20 புள்ளி. 80-இல் இருப்பவர் மோசமான சீட்டு வந்தால் இன்னும் ஒரு முறை ட்ராப் போட்டு 100-இல் தொங்கலாம். 81 ஆகிவிட்டால் அந்தக் கதவும் அடைத்துவிடும். ஜோக்கர் இருக்கிறதோ இல்லையோ, வந்த பதின்மூன்று சீட்டையும் வைத்துக்கொண்டு ஆடியே ஆக வேண்டும். அது சுற்றி இருப்பவர்களுக்கும் தெரியும். 41-இல் இருந்தபோது இரண்டு சுமாரான சீட்டைத் துணிந்து ஆடாமல் ட்ராப் போட்டுப் போட்டு 81-க்கு வந்தவரை ‘பாவம், சீட்டே வரலை’ என்று யாரும் சொல்வதில்லை. போக்கரில் மட்டும் சொல்கிறார்கள். (ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லித் தமிழ்நாட்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தின் பட்டியலிலிருந்து சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அவற்றை விலக்கியது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கையே ஓரங்கட்டிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்துக்கும் தடை போட்டது. இங்கே பேசப்படுவது இணையம் அல்ல, எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் மேசை.)

இனி, குவித்து வைத்திருப்பவர் விஷயம்.

போட்டி நடக்கும் கூடத்தில் சுவரில் ஒரு திரை தொங்கும். மீதமுள்ள ஆட்டக்காரர்கள், அடுத்த பிளைண்ட் ஏற எத்தனை நிமிடம், சராசரி கையிருப்பு. இடைவேளையில் கழிவறை வரிசையில் நிற்பவர்கள்கூடக் கேட்டுக்கொள்ளும் கேள்வி: ‘ஆவரேஜுக்கு மேலயா, கீழயா?’ அந்தச் சராசரி ஒன்றுக்கும் உதவாத எண். உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் இப்போது 60,000 சிப்ஸோடு தொடங்குகிறார்கள், முதல் கட்ட பிளைண்ட் 100, 200. எல்லோரிடமும் 300 பிக் பிளைண்ட். அங்கே சராசரியில் பாதிதான் இருக்கிறது என்றாலும் 150 பிக் பிளைண்ட், ஆற அமர ஆடலாம். பிற்பாடு பிளைண்ட் ஏறி ஏறி, சராசரியே 20 பிக் பிளைண்டுக்கு வந்து நிற்கும் கட்டமும் போட்டிகளில் உண்டு. அங்கே சராசரிக்கு இரு மடங்கு வைத்திருப்பவரும் 40-தான் வைத்திருக்கிறார், இரண்டு கை தவறினால் தெருவுக்கு வந்துவிடுவார். ஆனாலும் திரையைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து, ‘நான் பிக் ஸ்டாக்’ என்று எல்லாக் கையிலும் மூக்கை நுழைப்பார்.

எதிரில் 12 பிக் பிளைண்ட் வைத்திருப்பவரோடு மோதும்போது, 100 பிக் பிளைண்ட் வைத்திருப்பவரும் 12-க்குத்தான் ஆடுகிறார். மீதி 88 அந்தக் கையில் வெறும் அலங்காரம். இரண்டில் எது சிறியதோ அதுதான் ஆட்டத்தின் அளவு. இது முதல் வகுப்புப் பாடம். என்றாலும் ‘எனக்கு இருக்குது, போனா போகட்டும்’ என்று சிப்ஸ் குறைந்த ‘ஷார்ட் ஸ்டாக்’கின் ஆல்-இன்னுக்குக் குப்பைச் சீட்டோடு கால் சொல்லும் பெரிய மனிதர்களை எந்தப் போட்டியிலும் பார்க்கலாம். தாங்கிக்கொள்ள முடியும் என்பது செலவழிப்பதற்குக் காரணம் ஆகுமா? ஆறு முறை தாங்கிக்கொண்டால் ஏழாவது முறை அவரும் ஷார்ட் ஸ்டாக்.

பிக் ஸ்டாக் மிரட்ட வேண்டும் என்பதில் உண்மை இருக்கிறது. யாரை மிரட்டுவது என்பதில்தான் ஊர் முழுக்கத் தலைகீழாக நிற்கிறது. எளியவனை அடி என்கிறது வழக்கமான அறிவுரை. கணக்குப் போட்டால் அடிபடக்கூடியவர் அவர் இல்லை.

நாலு பேர் மிஞ்சியிருக்கிறார்கள். மூன்று பேருக்குத்தான் பரிசு: மொத்தம் 1,00,000 ரூபாயில் முதல் இடத்துக்கு 50,000, இரண்டாவதுக்கு 30,000, மூன்றாவதுக்கு 20,000. அடுத்து வெளியேறுபவருக்கு வெறுங்கை. ஆட்டக்காரர்கள் இந்தக் கட்டத்தைப் ‘பபிள்’ என்கிறார்கள். மேசையில் 10,000 சிப்ஸ். முதலாமவரிடம் 4,500, இரண்டாமவரிடம் 3,500, மூன்றாமவரிடம் 1,500, நாலாமவரிடம் வெறும் 500.

இந்தச் சிப்ஸுக்கு என்ன பணமதிப்பு? 1973-இல் டேவிட் ஹார்வில் குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை எத்தனையாவதாக வரும் என்பதற்கு ஒரு கணக்கு சொன்னார். 1980-களில் மேசன் மால்மத் அதே வழியைப் போக்கர் சிப்ஸுக்குக் கொண்டுவந்தார். முதலிடம் வரும் வாய்ப்பு சிப்ஸ் விகிதப்படி, முதலிடம் வந்தவரை நீக்கிவிட்டு மீதிப் பேரில் இரண்டாமிடம் அதே விகிதப்படி, இப்படியே மூன்றாமிடம். ஐ.சி.எம். என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஒரு தாளும் பேனாவும் இருந்தால் வாசகரே போட்டுப் பார்க்கலாம். விடை: முதலாமவரின் பங்கு 36,296 ரூபாய். இரண்டாமவருக்கு 33,084. மூன்றாமவருக்கு 22,386. நாலாமவருக்கு 8,234.

5 சதவீதச் சிப்ஸ் வைத்திருப்பவருக்கு 8 சதவீதப் பணம். 45 சதவீதம் வைத்திருப்பவருக்கு 36 சதவீதம். சிப்ஸ் குவியக் குவிய ஒவ்வொரு சிப்பின் விலையும் இறங்குகிறது. முதலாமவர் இரண்டாமவரைவிட 1,000 சிப்ஸ் கூடுதலாக வைத்திருந்தும், பணத்தில் அவர்களுக்குள் வித்தியாசம் 3,200 ரூபாய்தான்.

இப்போது முதலாமவர் தன் சீட்டைக்கூடப் பார்க்காமல் ஆல்-இன் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் கையில் ஏஸ்-ராஜா. எதிராளி எந்த இரண்டு சீட்டு வைத்திருந்தாலும் சராசரியாக 65 சதவீதம் ஜெயிக்கும் கை. கால் சொல்லலாமா? சொல்லி ஜெயித்தால் 7,000 சிப்ஸ், மதிப்பு 43,256 ரூபாய். தோற்றால் பூஜ்யம். சும்மா ஃபோல்ட் செய்தால் 33,084 அப்படியே இருக்கிறது. இலேசாக வகுத்துப் பார்த்தால் போதும், அவருக்குக் குறைந்தது 76 சதவீத வெற்றி வாய்ப்பு வேண்டும். ஏஸ்-ராஜா போதாது. பத்து ஜோடி 75 சதவீதம், அதுவும் ஒரு மயிரிழையில் போதாது. ஜாக்கி ஜோடியிலிருந்துதான் கதவு திறக்கிறது. (பிளைண்ட் தொகையைக் கணக்கில் சேர்த்தால் இந்த எண் கொஞ்சம் இறங்கும். கதை மாறாது.)

மற்ற இருவருக்கும் இதையே போட்டால்? மூன்றாமவருக்கு 74 சதவீதம் வேண்டும். நாலாமவருக்கு? 59 சதவீதம் போதும்.

பத்திரமாக இருப்பதாகச் சொல்லப்பட்டவர் ஏஸ்-ராஜாவைத் தூக்கி எறிய வேண்டியிருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்பவர் அதே சீட்டோடு தாராளமாகக் கால் சொல்லலாம். 3,500 சிப்ஸ்காரருக்கு இழக்க 33,000 ரூபாய் இருக்கிறது, தனக்கு முன்னால் வெளியேறப் போகிறவர் என்று எதிர்பார்க்க இரண்டு பேரும் இருக்கிறார்கள். கைகள் கட்டப்பட்டிருப்பது அவருக்குத்தான். அதனால் பிக் ஸ்டாக் அடிக்க வேண்டியது அவரையும் மூன்றாமவரையும். நாலாமவர் மேல் கையை வைத்தால் திருப்பி அடிப்பார், அவருக்கு அதைத் தவிர வேறு வேலை இல்லை.

இன்னும் ஒரு படி போனால் கொஞ்சம் விகாரமாகவே இருக்கும். அந்த நாலாமவர் உயிரோடு இருப்பதுதான் முதலாமவருக்கு லாபம். நாலாமவர் வெளியேறி, அவருடைய 500 மேலே இருக்கும் இருவருக்கும் சமமாகப் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு கணக்கை மறுபடி போட்டால், இரண்டாமவருக்குத் தேவையான வாய்ப்பு 76-இலிருந்து 62-க்கு இறங்கிவிடுகிறது. ஏஸ்-ராஜா இப்போது கால் சொல்லும். மிரட்டலின் பல் பாதி விழுந்தாயிற்று. தேர்ந்த பிக் ஸ்டாக்குகள் பபிளில் ஷார்ட் ஸ்டாக்கை முடித்துக்கட்ட அவசரப்படாததன் ரகசியம் இதுதான். பார்வையாளர் வரிசையில் இருப்பவர்கள் ‘இத்தனை சிப்ஸ் வெச்சுக்கிட்டு அந்த ஐந்நூறை ஏன் விட்டு வெக்கிறான்’ என்று முணுமுணுப்பார்கள்.

இதற்கு வரும் எதிர்வாதங்களில் ஒன்று தட்டிக்கழிக்க முடியாதது. எதிரில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தால்தானே பயப்படுவார்? மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு ஏஸ்-ராஜாவோடு இரண்டாமவர் கால் சொல்லிவிட்டால்? நியாயமான கேள்வி. பதிலும் கணக்கில் இருக்கிறது. அப்படி மோதினால், 65 சதவீதம் ஜெயிக்கும் நிலையிலும் இரண்டாமவரின் பங்கு 33,084-இலிருந்து 28,116 ஆகிறது. முதலாமவரின் பங்கு 36,296-இலிருந்து 29,218-க்கு விழுகிறது. இரண்டு பேரும் சேர்ந்து இழந்த சுமார் 12,000 ரூபாய் எங்கே போயிற்று? சீட்டைக்கூடத் தொடாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மூன்றாமவருக்கும் நாலாமவருக்கும். ஆகவே ‘பிக் ஸ்டாக் என்றால் யாரையும் எப்போதும் மிரட்டலாம்’ என்பதும் உளறல். ஃபோல்ட் செய்யத் தெரிந்தவரைத்தான் மிரட்ட முடியும். எதிரில் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் தள்ளுகிற பிக் ஸ்டாக், பக்கத்து நாற்காலிக்காரருக்கு மொய் வைத்துவிட்டு வருகிறார்.

இன்னொரு எதிர்வாதம்: போட்டி என்றால் ஜெயிக்கத்தான் ஆட வேண்டும், மூன்றாம் இடத்துக்கு ஆடுபவன் ஆட்டக்காரனா? கேட்க வீரமாக இருக்கிறது. முதல் பரிசே மொத்தப் பணமும் என்றால் இந்த வாதம் சரி, அங்கே ஒவ்வொரு சிப்புக்கும் ஒரே விலை. பரிசைப் பிரித்துக் கொடுக்கும் போட்டியில் வீரத்துக்குத் தனி விலை போடப்படவில்லை. இன்னொரு கோடியில் சாட்டிலைட் போட்டிகள் இருக்கின்றன: பத்து பேருக்குப் பெரிய போட்டியில் ஒரே மாதிரி இடம், பதினொன்றாமவருக்கு எதுவும் இல்லை. அங்கே பதினோரு பேர் மிஞ்சியிருக்கும்போது, போதுமான சிப்ஸ் வைத்திருப்பவர் ஏஸ் ஜோடியைக்கூட ஃபோல்ட் செய்வது சரியான ஆட்டம். ஏஸ் ஜோடி 221 கைகளுக்கு ஒரு முறை வரும் அபூர்வம், அதை எறிவதா என்று வயிறு எரியும். எரியட்டும்.

ஐ.சி.எம். வேதவாக்கு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அடுத்த கையில் யார் பிளைண்ட் கட்டப் போகிறார் என்று அதற்குத் தெரியாது. யார் கெட்டிக்காரர், யார் நேற்று இரவு தூங்காதவர் என்றும் தெரியாது. பெரிய குவியலால் வரும் மிரட்டல் பலத்தையும் அது எண்ணுவதில்லை. இந்தக் குறைகளைச் சுட்டி, ‘எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்’ என்று ஒதுக்குகிறவர்கள் அதற்குப் பதிலாக முன்வைப்பது என்ன? திரையில் தெரியும் சராசரி, ஒரு நாப்கின் கதை.

பிக் ஸ்டாக் மிரட்டலுக்கு எல்லோரும் காட்டும் சாட்சி, 2006-ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியை வென்ற ஜேமி கோல்ட். அதுவரை காணாத கூட்டம், 8,773 பேர். போட்டியின் பின்பாதி முழுக்கச் சிப்ஸ் குவியலை வைத்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசி, எதிராளிகளைக் குழப்பி, 1 கோடியே 20 லட்சம் டாலரை அள்ளினார். அவர் ஜெயித்தது மிரட்டியதால் என்பார்கள். பாதி உண்மை. எதிரில் இருந்தவர்களுக்குப் பரிசுப் படிகள் ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் உயர்ந்துகொண்டே போனதால் அந்த மிரட்டல் பலித்தது. கடைசி மேசையில் ஒரு படி ஏறுவதற்கே ஒருவர் ஆயுளில் காணாத பணம். அந்தப் படிகள் இல்லாத ஒரு ரொக்க ஆட்டத்தில் அதே குவியல் அதே வேலையைச் செய்திருக்காது.

அதே மேசையில் பால் வாசிகா என்ற இளைஞர் செய்த ஒரு ஃபோல்ட் இன்றுவரை கேலிக்கு ஆளாகிறது. மூவர் மிஞ்சியிருந்தார்கள். மேசையிலிருந்த சிப்ஸில் பெரும்பகுதி கோல்டிடம். வாசிகாவும், ஸ்டான்ஃபோர்டில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற மைக்கேல் பிங்கரும் வெகு பின்னால். வாசிகா கையில் இஸ்பேட் எட்டும் ஏழும். எல்லோருக்கும் பொதுவாக மேசையில் திறந்த சீட்டுகளில் பத்து, இஸ்பேட் ஆறு, இஸ்பேட் ஐந்து. வரிசையும் சேரலாம், ஒரே ஜாதியும் சேரலாம், இரண்டும் ஒன்றாகவே சேரலாம். போக்கரில் இதைவிட அழகான அரைகுறைக் கை அபூர்வம். அவர் ஃபோல்ட் செய்தார். பிங்கரும் கோல்டும் மோதினார்கள். கடைசிச் சீட்டாக இஸ்பேட் வந்தது. இருந்திருந்தால் வாசிகா அந்தக் கையை வாரியிருப்பார்.

அன்றிலிருந்து தீர்ப்பு ஒன்றுதான்: பயந்துவிட்டான். கடைசிச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லும் தீர்ப்பு. அந்தக் கணத்தில் கால் சொல்லவும் வலுவான காரணம் இருந்தது, அதை மறுக்க வேண்டியதில்லை. அவ்வளவு அழகான கையை வைத்துக்கொண்டு நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டு பக்கமும் நின்று வாதாடலாம். ஆனால் அவர் முன்னால் இருந்தது கோழைத்தனமா வீரமா என்ற கேள்வியாக இல்லை. தன்னைப் போலவே சிப்ஸ் குறைந்த ஒருவர், மலை போல் குவித்து வைத்திருக்கும் ஒருவரோடு மோதப் போகிறார். தான் விலகி உட்கார்ந்தால், அந்த ஒருவர் வெளியேற நல்ல வாய்ப்பு இருக்கிறது. நமது நாலு பேர் மேசையில் மூன்றாமவரும் நாலாமவரும் சும்மா இருந்து 12,000 ரூபாய் சம்பாதித்த அதே நாற்காலி அது.

பிங்கர் வெளியேறினார். மூன்றாம் இடத்துக்கு அவருக்குக் கிடைத்தது 41,23,310 டாலர். வாசிகா பிறகு கோல்டிடம் தோற்று, இரண்டாமிடத்துக்கு 61,02,499 டாலர் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு தொகைக்கும் இடையே 19,79,189 டாலர். 1982-இல் நாப்கின் சிப்போடு ஜெயித்த ஸ்ட்ராஸ் வாங்கிய முழுப் பரிசைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு.